காரைக்குள் ஒரு குடித்தனம்

சென்ற ஐப்பசி மாதத்து அடைமழையில் ஓர் இரவு, "டக், டக்" என்று ஏதோ சத்தம் கேட்டு விழித்துக் கொண்டேன். கடிகாரமாக இருக்குமோ என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக் கடிகாரம் ஆறு மாதமாக மௌன விரதம் அநுஷ்டித்து வருகிறது. திருடனாக இருக்குமோ என்று நினைத்தேன். ஓர் உபாத்தியாயர் வீட்டுக்குள் நுழைந்து ஏமாந்து போகிற அளவுக்குத் தொழில் தெரியாத திருடன் தியாகதுருகத்தில் இருப்பான் என்று தோன்றவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. கூடத்துத் தளத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். அதன் வழியாக மழை நீர் இறங்கி, என் புஸ்தக அலமாரிக்கு, அதிலும் நான் கல்லூரி நாளிலிருந்து பத்திரப்படுத்தி வந்த ரஸாயன சாஸ்திரப் புஸ்தகத்துக்கு, சொட்டுச் சொட்டாக அபிஷேகம் செய்து கொண்டிருந்தது.

மறுநாள் மழை விட்டதும் மேஸ்திரியை அழைத்து வந்தேன். எழுபதை நெருங்குகிறவர். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அவர் கையால் எழுந்தவை. மொட்டை மாடியில் உட்கார்ந்து, விரிசலில் கட்டை விரல் நகத்தை வைத்துப் பார்த்தார். "நகம் உள்ளே போகவில்லை. இப்போதைக்குப் பயமில்லை, வாத்தியாரே. ஆனால் விட்டு வைத்தால் கம்பி துருப்பிடிக்கும். கம்பி துருப்பிடித்தால் அப்புறம் வீடு நம்முடையது இல்லை" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "இது எதனால் வந்தது என்று உங்களுக்கே தெரியுமே?" என்றும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை முடிவதற்குள் நேயர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அதே வாரத்தில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், விரிசலைத் தானே அடைத்துக் கொள்ளும் காங்கிரீட் வந்திருக்கிறதாமே? அதற்குள்ளே கிருமி உயிரோடு இருக்குமாமே? நிஜந்தானா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமி, "அப்படியானால் வீட்டுக்குக் காய்ச்சல் வருமா, சார்?" என்றாள். எனக்கும் அன்றைக்கு அரை குறையாகத்தான் தெரியும். உபாத்தியாயர்கள் வழிவழியாகக் கையாண்டு வரும் தந்திரத்தை நானும் கையாண்டு, "நல்ல கேள்வி, திங்கட்கிழமை சொல்கிறேன்" என்று தப்பித்துக் கொண்டேன். அந்தத் திங்கட்கிழமைக்காக நான் படித்தறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் விரிசல் ஏன் வருகிறது என்று பார்ப்போம். சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் நான்கும் சேர்ந்து இறுகினால் காங்கிரீட். மேலிருந்து அமுக்குகிற பாரத்தை அது பூதம்போலத் தாங்கும். ஆனால் இழுத்தாலோ வளைத்தாலோ அப்பளம்தான். ஆகையால் இழுவிசை வருகிற இடங்களில் இரும்புக் கம்பியை வைத்துக் கட்டுகிறோம். கம்பி இருந்தாலும் சிறு விரிசல்கள் வரத்தான் செய்யும். கட்டட சாஸ்திரமே அதை ஒப்புக் கொள்கிறது. நமது நாட்டு விதிப்படி, சாதாரண இடங்களில் விரிசலின் அகலம் 0.3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். எப்போதும் ஈரத்தில் இருக்கும் பாகங்களில் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. மேஸ்திரியின் நகம் செய்த பரீட்சையும் கிட்டத்தட்ட இதே பரீட்சைதான்.

விரிசலைக் கண்டு காங்கிரீட் பயப்பட வேண்டியதில்லை; பயப்பட வேண்டியது இரும்பு. புதுக் காங்கிரீட்டுக்குள் காரத் தன்மை மிக அதிகம். அந்தக் காரத்தில் இருக்கும் வரையில் கம்பியின்மேல் மெல்லிய கவசம் ஒன்று படிந்து துருவைத் தடுக்கிறது. விரிசல் வழியாகத் தண்ணீரும் காற்றும் புகுந்து விட்டால் கவசம் போய்விடும். துரு சாதுவான வஸ்து அன்று. அது தின்ற இரும்பைவிடத் தான் பல மடங்கு பருமனாகப் பெருக்கும். உள்ளேயிருந்து ஆப்பு அடித்தது போலக் காங்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். பழைய கட்டடங்களில் தளத்தின் அடிப்பாகம் பொருக்காகப் பெயர்ந்து கம்பி பல்லை இளித்துக் கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது மேலிருந்து வந்த பாரத்தால் நேர்ந்ததன்று. உள்ளே நுழைந்த ஈரத்தால் நேர்ந்தது.

ஆகவே விரிசல் வந்தவுடன், அது நூலிழையாக இருக்கும்போதே, யாராவது அடைத்து விட்டால் போதும். ஆனால் யார் அடைப்பது? பாலத்தின் அடியிலும் சுரங்கத்தின் முதுகிலும் பூமிக்குள் புதைந்த தொட்டியிலும் விரிசல் வந்தால் மனிதன் கண்ணில் படவே படாது. கண்ணில் படுகிற காலத்தில் நகம் மட்டுமல்ல, கையே உள்ளே போகும். அங்கேயே குடியிருக்கிற ஓர் ஆள் வேண்டும். கூலி கேட்கக் கூடாது. வேலை இல்லாத காலத்தில் சாப்பாடும் கேட்கக் கூடாது. வேலை வந்தவுடன் தானே விழித்துக் கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட வேலையாள் மனித ஜாதியில் அகப்பட மாட்டான். அகப்பட்ட இடம் கிருமி ஜாதி.

*

ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் என்னும் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோன்கர்ஸ் என்ற விஞ்ஞானி இருக்கிறார். அவர் கட்டட நிபுணர் அல்லர். கடல்வாழ் நுண்கிருமிகளை ஆராய்ந்தவர். காங்கிரீட்டைத் தானே குணமாகச் செய்யக் கிருமிகளால் முடியுமா என்று காங்கிரீட் நிபுணர் ஒருவர் கேட்டதன் பேரில், 2006-ஆம் ஆண்டில் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். கேட்பதற்கு எளிது. காங்கிரீட்டின் உட்புறமோ கல்லைப் போல வறண்டது. சுண்ணாம்புக் காளவாய் போலக் காரமானது. அதில் எந்தப் பிராணி குடித்தனம் செய்யும்?

செய்யக் கூடிய பிராணிகள் இருக்கின்றன. உலகத்தில் உவர்க்கார ஏரிகள் சில உண்டு. நமது நாட்டில் மகாராஷ்டிரத்து லோணார் ஏரி அப்படிப்பட்டது. அந்த மாதிரிக் காரத்திலேயே பிறந்து காரத்திலேயே வாழ்கிற கிருமி வகைகள் உள்ளன. பாஸில்லஸ் என்னும் குலத்தைச் சேர்ந்த சில இனங்கள் இந்த வேலைக்குப் பொருத்தமாக இருந்தன. இந்தக் குலத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தண்ணீரும் ஆகாரமும் கிடைக்காவிட்டால் இவை சாவதில்லை. தம்மைச் சுற்றித் தடித்த ஓடு ஒன்றைக் கட்டிக் கொண்டு, விதையைப் போல உறங்கி விடுகின்றன. இந்தக் கிருமி வித்துக்கள் 200 ஆண்டுகள் வரையிலும் உயிரோடு உறங்கக் கூடும் என்று இந்த ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். கும்பகர்ணனின் ஆறு மாதம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

வித்துக்களை மட்டும் போட்டால் போதாது, விழித்ததும் பசிக்கும். ஆகவே கால்சியம் லாக்டேட் என்னும் உப்பையும் கூடவே வைக்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் வீட்டு மோரைப் புளிக்க வைக்கிற லாக்டிக் அமிலமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்ததுதான் அது. வித்துக்களையும் இந்தக் கட்டுச்சோற்றையும், நுண்துளைகள் நிறைந்த சுட்ட களிமண் உருண்டைகளிலோ, மக்கக்கூடிய பிளாஸ்டிக் உறையிலோ அடைத்து, கலவையில் ஜல்லியோடு ஜல்லியாகச் சேர்த்து விடுகிறார்கள்.

அப்புறம் வருஷக் கணக்கில் ஒன்றும் நடக்காது. ஒரு நாள் விரிசல் விடுகிறது. மழை பெய்கிறது. தண்ணீர் உள்ளே இறங்கி உருண்டையைத் தொடுகிறது. கிருமி விழித்துக் கொள்கிறது. கட்டுச்சோற்றைத் தின்கிறது. தின்று, பிராணவாயுவை உட்கொண்டு, சுண்ணாம்புக் கல்லைக் கழிக்கிறது! அது வெளிவிடும் கரியமில வாயுவும் வீணாவதில்லை. காங்கிரீட்டில் ஏற்கெனவே இருக்கும் நீற்றுச் சுண்ணாம்போடு சேர்ந்து அதுவும் சுண்ணாம்புக் கல்லாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு பங்கு லாக்டேட்டிலிருந்து ஒரு பங்கு நேராகவும் ஐந்து பங்கு இந்த இரண்டாவது வழியாகவும், ஆக ஆறு பங்கு சுண்ணாம்புக் கல் கிடைக்கக் கூடும். சில வாரங்களில் விரிசல் நிரம்பி விடுகிறது. தண்ணீர் வரும் வழி அடைபட்டதும் கிருமி மறுபடியும் உறங்கப் போய் விடுகிறது. பிராணவாயுவைக் கிருமியே தின்று விடுவதால், துருவுக்கு வேண்டிய பிராணவாயுவும் குறைகிறது என்பது உபரி லாபம்.

இதில் என்னைக் கவர்ந்தது ஒன்று. கட்டடத்துக்குப் பகை தண்ணீர். அந்தப் பகையின் காலடிச் சத்தமே காவல்காரனை எழுப்பி விடுகிறது.

இவ்விதம் 0.8 மில்லிமீட்டர் அகலம் வரை விரிசலை அடைக்க முடிந்தது என்று டெல்ஃப்ட் ஆராய்ச்சி காட்டியது. 2015-ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் பரிசுக்கான இறுதிச் சுற்றில் யோன்கர்ஸின் பெயர் இருந்தது. இப்போது இந்தச் சரக்கு அந்நாட்டில் வியாபாரத்துக்கும் வந்திருக்கிறது.

முன் வரிசைச் சிறுமிக்கும் இங்கேயே பதில் சொல்லி விடுகிறேன். காய்ச்சல் வராது. எல்லாக் கிருமியும் நோய்க் கிருமி அல்ல. நேற்றிரவு பாலில் உறை ஊற்றி, இன்று காலையில் கெட்டித் தயிரை எடுத்துப் பரிமாறிய நம் வீட்டுப் பெண்மணிகள் கிருமிகளைக் கொண்டு வேலை வாங்குவதில் எந்த விஞ்ஞானிக்கும் இளைத்தவர்கள் அல்லர்.

*

இந்த யோசனை ஹாலந்தில் மட்டும் முளைத்ததன்று. அமெரிக்காவில் தெற்கு டகோட்டா சுரங்கக் கல்லூரியில், கிருமிகளைக் கொண்டு காங்கிரீட் விரிசலை அடைப்பது பற்றி 2001-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. அதை எழுதிய மூவர் ராமசந்திரன், ராமகிருஷ்ணன், பாங். மூன்றில் இரண்டு பெயர்களை நம் தெருவில் நின்று கூப்பிட்டால் நான்கு பேராவது "ஏன்?" என்பார்கள்.

அவர்கள் கையாண்ட கிருமி வேறு, வழியும் வேறு. ஸ்போரோசார்சினா பாஸ்டூரி என்னும் அந்தக் கிருமி யூரியாவை உடைத்துச் சுண்ணாம்புக் கல்லை உண்டாக்குகிறது. வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான். இந்த வழி வேகமானது. ஆனால் நவச்சார வாடை கொண்ட அம்மோனியாவும் கூடவே உண்டாகிறது என்பது இதிலுள்ள குறை.

நம் நாட்டில் பாட்டியாலா நகரத்துத் தாப்பர் பல்கலைக்கழகத்தார் இந்தத் துறையில் குறிப்பிடத் தக்க வேலை செய்திருக்கிறார்கள். கிருமி வளர்க்க ஆய்வுக்கூடத்தில் உபயோகிக்கும் ஆகாரம் அதிக விலையுள்ளது. ஏழை நாட்டில் கிருமிக்கு ராஜ போஜனம் போட்டுக் கட்டுப்படி ஆகுமா? பால் பொருளிலிருந்து லாக்டோஸ் எடுத்த பிறகு எஞ்சும் கழிவு நீரையும், மக்காச்சோள மாவு ஆலையில் மிஞ்சும் ஊறல் நீரையும் கொடுத்துக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 2009, 2010-ஆம் ஆண்டுகளில் இவை வெளியாயின. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆலைக் கழிவு சாக்கடைக்குப் போகாமல் சுவருக்குள் போகிறது.

பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தார் இன்னும் ஒரு படி மேலே, சந்திரனுக்கே போய் விட்டார்கள். சந்திரனின் மண்ணைப் போலத் தயாரித்த மண்ணில் அதே பாஸ்டூரிக் கிருமியையும் யூரியாவையும் கொத்தவரைப் பிசினையும் கலந்து, சுடாமலே செங்கல் போன்ற கட்டிகள் செய்ததாக 2020-ஆம் ஆண்டில், நமது விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தாரோடு சேர்ந்து அறிவித்தார்கள். பொரியலுக்கு ஆகிற கொத்தவரை சந்திரனில் வீடு கட்டவும் ஆகும் என்று தெரிந்ததும் என் வகுப்பில் அதன் மதிப்பு உயர்ந்து விட்டது.

கிருமி இல்லாமலே தன்னை ஆற்றிக் கொள்ளும் சாலை ஒன்றும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தில், பெங்களூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் தொண்டேபாவி என்று ஒரு கிராமம். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நேம்குமார் பாந்தியாவின் குழுவினர் 2015-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சாலை போட்டார்கள். அதிலுள்ள சிமெண்டில் 100-க்கு 60 பங்கை நீக்கி, அனல் மின் நிலையச் சாம்பலைப் போட்டிருக்கிறார்கள். கலவையில் நார்கள் இருக்கின்றன. அந்த நார்களின்மேல் தண்ணீரை விரும்பி இழுக்கும் பூச்சு ஒன்று உண்டு. விரிசல் விட்டால் அந்தப் பூச்சு மழை ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும். இறுகாமல் மிச்சமிருக்கும் சிமெண்ட் அந்த ஈரத்தில் இறுகி விரிசலை மூடிக் கொள்ளும். சாலையின் கனமும் சாதாரணச் சாலையைவிட வெகுவாகக் குறைவு. சுமார் நான்கு அங்குலந்தான்.

*

திங்கட்கிழமைப் பாடத்தைச் சொல்லி முடித்ததும், அடுத்த விடுமுறை நாளில் பையன்களை அழைத்துக் கொண்டு எங்கள் ஊர் மலைக்கோட்டைக்கு ஏறினேன். 18-ஆம் நூற்றாண்டில் பிரஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஹைதர் அலியின் சேனையும் இந்தக் கோட்டைக்காக மோதிக் கொண்டார்கள். இன்று அதற்காக மோதிக் கொள்கிறவை ஆடுகள் மட்டுமே. இடிந்த சுவர் ஒன்றில், பழைய காரையிலிருந்த பிளவை நெடுக்காக வெள்ளைக் கோடு ஒன்று அடைத்திருந்தது. பையன் ஒருவன் அதைச் சுரண்டிப் பார்த்து, "யாரோ சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள், சார்" என்றான்.

யாரும் பூசவில்லை; மழை பூசியது. பழைய சுண்ணாம்புக் காரையில் இறுகாத சுண்ணாம்பு கொஞ்சம் எப்போதும் மிச்சமிருக்கும். பிளவில் இறங்கும் மழை நீர் அதைக் கரைத்து எடுத்துக் கொண்டு வரும். பிளவின் வாயில் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சந்தித்ததும் அது மறுபடி கல்லாகப் படிந்து விடும். ரோமாபுரியார் கட்டிய சுவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகள் நிற்பதற்கு இப்படிப்பட்ட சுண்ணாம்புக் கட்டிகளும் ஒரு காரணம் என்று, அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அட்மிர் மாஸிக் குழுவினர் 2023-ஆம் ஆண்டில் எழுதினார்கள். அதே முறையில் காங்கிரீட் செய்து, பிளந்து, தண்ணீரை ஓட விட்டுப் பார்த்தபோது இரண்டு வாரத்தில் பிளவு அடைபட்டதாம்.

நம் கொத்தர்களும் சுண்ணாம்பை வாரக் கணக்கில் ஊற வைத்து, செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்த்தார்கள். கடுக்காய் கல்வராயன் மலையில் காய்ப்பது. வெல்லமும் கள்ளக்குறிச்சிச் சீமைக்குப் புதிதல்ல. இப்படிச் சொல்வதால், பாஸில்லஸையும் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்று யாரும் மார் தட்ட வேண்டியதில்லை. அவர்கள் அறிந்தது வேறு. காரை உடனே இறுக வேண்டும் என்று அவர்கள் அவசரப்படவில்லை. மெதுவாக இறுகும் காரை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பிளந்தாலும் தன்னைத் தேற்றிக் கொள்ளும். சிமெண்ட் வந்ததும் வேகம் வந்தது. வேகம் வந்ததும் இந்தத் தேற்றிக் கொள்ளும் குணம் குறைந்து போயிற்று. சாதாரண சிமெண்ட் காங்கிரீட்டும் 0.2 மில்லிமீட்டர் அளவில் உள்ள பிளவுகளைச் சில சமயம் தானே மூடிக் கொள்ளும். அதற்கு மேல் அதனால் ஆகாது.

*

"விரிசல் விட்டால் இடித்துவிட்டு வேறு கட்டினால் போயிற்று, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்கலாம். அதற்குக் கணக்கு வாத்தியாராக மாறித்தான் பதில் சொல்ல வேண்டும்.

சிமெண்டின் மூலப் பொருள் சுண்ணாம்புக் கல். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும். மீதி 44 கிலோ எங்கே? கரியமில வாயுவாக ஆகாயத்தில் கலந்து விடும். சூளைக்கு எரித்த நிலக்கரியின் புகை இதில் சேராது. அது தனிக் கணக்கு. இங்கிலாந்தில் ஜோஸப் ஆஸ்ப்டின் என்ற கொத்தர் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு உரிமை பெற்றது 1824-ல். நம் தேசத்தில் அதைச் செய்யும் முயற்சி 1904-ல் நம் சென்னையிலேயே நடந்தது. இன்று சிமெண்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த ஸ்தானம் இந்தியாவுக்கு. மனிதர்கள் ஆகாயத்தில் விடும் கரியமில வாயுவில் 100-க்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டினால் மட்டும் வருகிறது. பருவம் தவறி மழை பெய்கிறது, வெயில் கொளுத்துகிறது என்று நாம் அலுத்துக் கொள்வதில் நம் மொட்டை மாடிக்கும் பங்கு உண்டு.

ஆகவே 50 ஆண்டு நிற்கும் கட்டடத்தை 100 ஆண்டு நிற்கச் செய்தால், ஒரு முழுக் கட்டடத்தின் சிமெண்ட் மிச்சம். அத்தனை மலை மிச்சம். அத்தனை ஆற்று மணல் மிச்சம். கிருமியின் உத்தியோகம் உண்மையில் இதுதான்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. இந்தக் காங்கிரீட்டின் விலை சாதாரணக் காங்கிரீட்டைவிடக் கணிசமாக அதிகம். லாக்டேட் மலிவான சரக்கு அன்று. களிமண் உருண்டைகள் அதிகமானால் காங்கிரீட்டின் பலம் குறையும். ஆகவே முதலில் இது தண்ணீர்த் தொட்டி, சுரங்கம், அடித்தளம் முதலிய, எட்டிப் பார்க்க முடியாத இடங்களுக்குத்தான் லாபம். மூடிய விரிசல் தண்ணீரைத் தடுக்குமே தவிர, இழந்த பலம் முழுவதையும் திருப்பிக் கொடுத்து விடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 61 பேர் மாண்டார்கள். 2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். 2024 டிசம்பரில், பெஞ்சல் புயல் மழைக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தென்பெண்ணை வெள்ளத்தில், திறந்து சில மாதமே ஆன பாலம் ஒன்று போயிற்று. இவற்றில் எதையும் எந்தக் கிருமியாலும் தடுத்திருக்க முடியாது. மயிரிழை விரிசலை மூடத்தான் அதற்குத் தெரியும். அஸ்திவாரத்தில் விட்ட பிழைக்கும், போடாமல் விட்ட கம்பிக்கும், பார்க்காமல் விட்ட சுவருக்கும் அதனிடம் மருந்து இல்லை.

*

இனி, மேஸ்திரியின் கேள்விக்கு வருகிறேன்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் நான் இந்த வீட்டைக் கட்டியபோது, தளம் போட்ட மறுநாள் மேஸ்திரி பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினார். "பதினாலு நாள் ஈரம் காயக் கூடாது, வாத்தியாரே" என்றார். சாம்பல் கலந்த சிமெண்டுக்கு விதியும் அதையேதான் சொல்கிறது: பத்து நாளுக்குக் குறையக் கூடாது, பதினான்கு நாளானால் உத்தமம். ஆனால் கிருகப் பிரவேசத்துக்கு முகூர்த்தம் குறித்தாகி விட்டது. பத்திரிகையும் அச்சாகி விட்டது. வெள்ளையடிக்க வேண்டும், மின்சாரக் கம்பி இழுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நானே பாத்தியை உடைக்கச் சொன்னேன். "அந்தக் காலத்துப் பழக்கம், இப்போதைய சிமெண்டுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை" என்று பட்டதாரி என்ற முறையில் அவருக்கு ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். ரஸாயனம் படித்தவன் நான்; படிக்காதவர் அவர். சிமெண்ட் இறுகுவது காய்வதால் அல்ல, தண்ணீரோடு சேர்வதால் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவனும் நானேதான்.

அந்தத் தண்ணீரைப் பதினொரு ஆண்டு கழித்து மழை கொண்டு வந்து என் ரஸாயனப் புஸ்தகத்தின்மேலேயே ஊற்றிற்று.

விரிசலை மேஸ்திரி உளியால் சற்றே அகலப்படுத்தி, தூசி போகக் கழுவி, கலவை வைத்து அடைத்து விட்டார். மேலே தட்டோடு பதித்து, தண்ணீர் தேங்காமல் வாட்டமும் சரி செய்தார். கூலி வாங்கிக் கொள்ளும்போது, "இந்தத் தடவை எத்தனை நாள் தண்ணீர் விடலாம், வாத்தியாரே?" என்று கேட்டார். "நீங்கள் சொல்கிறபடி" என்றேன்.

எங்கள் பள்ளியில் இப்போது புதிய வகுப்பறை ஒன்று எழுகிறது. சென்ற மாதம் தளம் போட்டார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் பதினான்கு கட்டம் போட்டு வைத்தார்கள். தினந்தோறும் காலையும் மாலையும் இருவர் என்னோடு மேலே வந்து, பாத்தியில் அடிக்கோலை நிறுத்தித் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துக் குறித்தார்கள். ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வேலையாட்கள் வரவில்லை. நல்ல வெயில். நான் போய்ப் பார்த்தபோது பாத்தி பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்தது. மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் தம் பேரனோடு வந்து சேர்வதற்குள் நான் பன்னிரண்டு குடம் தூக்கியிருந்தேன். வேட்டி நனைந்து நின்ற என்னைப் பார்த்து அவர் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பதினான்கு கட்டமும் நிறைந்த அன்று, முதலில் கேள்வி கேட்ட பையன் நோட்டுப் புஸ்தகத்தை என் மேஜைமேல் வைத்தான். "அந்தக் கிருமிக் காங்கிரீட் நம் ஊருக்கு எப்போது வரும், சார்?" என்றான்.

"நீ படித்துக் கொண்டு வந்தால் வரும்" என்றேன். "அதுவரையில்?" என்றான்.

அதுவரையில் அந்த நோட்டுப் புஸ்தகம் என் அலமாரியின் மேல் தட்டில், பழைய ரஸாயனப் புஸ்தகம் இருந்த இடத்தில் இருக்கும். அந்த வகுப்பறையில் அடுத்த ஆனியில் முதல் வகுப்புக் குழந்தைகள் உட்காரப் போகிறார்கள்.